ஒரு கணக்கில் இரண்டு பேர்

குடும்பப் பெயர் இல்லாத ஒருவரை அந்த மென்பொருள் மனிதராகவே ஏற்கவில்லை. பெயரை மட்டும் கொடுத்துப் பார்த்தோம், மறுத்தது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக் கொடுத்தோம், அதற்கும் மறுத்தது. ஆள் என்று யாரைச் சேர்த்தாலும் குடும்பப் பெயர் என்ற இடம் நிரம்பியிருக்க வேண்டும், அது அதனுடைய சட்டம். எங்கள் தேயிலை மலையில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? தோட்டத்தை நடத்தும் துரைமாருக்கு வேண்டுமானால் இருக்கும்.

"இத எழுதுனவங்க ஒருத்தரும் தோட்டத்துப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க சேர்" என்றேன்.

"அதுக்கென்ன பிள்ளை, தோட்டத்தின்ர பேரையே குடும்பப் பேராப் போடுவம்" என்றார் கணினி நிலையத்துப் பொறுப்பாளரான சேர்.

அப்படித்தான் எங்களிடம் படிக்க வந்த அத்தனை பேருக்கும் அவரவர் தோட்டமே குடும்பமாகிப் போனது. சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாகவும் இருந்தது. பிறந்தது முதல் தோட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள், இனிக் கம்ப்யூட்டருமா என்று.

நான் டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. உயர்தரம் முடித்த பிறகு, ஹட்டனில் ஒரு சங்கம் நடத்திய கணினி நிலையத்தில் சேர்ந்தேன். யுத்த நிறுத்தம் இருந்த காலம் அது. எங்கோ வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகள் எங்களுக்குப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. நிலையத்தின் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்தவர். பாடசாலையில் கணிதம் படிப்பித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். எல்லோருக்கும் அவர் சேர், நான் மிஸ். பாடம் நடத்துவதும் நான்தான், கேபிள் இழுப்பதும் நான்தான், மழை ஒழுகும் இடத்தில் கணினியை நகர்த்திவிட்டு வாளியை வைப்பதும் நான்தான்.

முதல் வருடம் முழுக்கச் சண்டைதான். ஒவ்வொரு கணினியும் தனித்தனி. திங்கட்கிழமை ஒருவன் மூன்றாவது கணினியில் உட்கார்ந்து ஏதாவது செய்து வைத்தால், அடுத்த முறையும் அவனுக்கு அதே மூன்றாவது கணினிதான் வேண்டும். அவனுடைய கோப்பு அதற்குள் மட்டுமே இருக்கும். மஸ்கெலியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள், தங்கள் கணினியில் வேறு யாரோ இருப்பதைப் பார்த்து, அவர் எழுந்திருக்கும் வரை சுவரோரமாக நின்றுவிட்டுத் திரும்பிப் போன நாட்கள் உண்டு. இன்னொருவர் கோப்பைத் தெரியாமல் அழித்துவிட்டு அழுதவர்கள் உண்டு, தெரிந்தே அழித்துவிட்டுச் சிரித்தவர்களும் உண்டு.

சேர் கொழும்புக்குப் போய் வந்தபோது லினக்ஸ் என்ற மென்பொருள் இருந்த குறுந்தட்டுகளைக் கொண்டுவந்தார். இதற்கு யாருக்கும் எதுவும் கட்டத் தேவையில்லை, பிரதி எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம் என்றார். அப்படி ஒன்றைச் சும்மா கொடுப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். கொடுத்தார்கள். இருந்ததில் நல்ல கணினி ஒன்றை மற்றவற்றுக்கெல்லாம் தலைமையான சேர்வராக்கி, அதில் டிரெக்டரி என்ற ஒன்றை நிறுவினோம். குடும்பப் பெயர் கேட்டு அடம்பிடித்த மென்பொருள் அதுதான். நிலையத்துக்கு வரும் எல்லோருடைய பெயரும் பாஸ்வேர்டும் அந்த ஒரே இடத்தில் இருக்கும். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அது சேர்வரிடம் கேட்டு, ஆள் யாரென்று தெரிந்துகொண்டு, அவருடைய கோப்புகளைக் கொண்டுவந்து முன்னால் வைக்கும்.

சொல்ல இவ்வளவுதான். செய்து முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. வரியின் தொடக்கத்தில் தெரியாத்தனமாக ஓர் இடைவெளி விழுந்தாலும் முழுக் கோப்பையும் தூக்கி எறிந்துவிடும். எங்கே பிழை என்று நேராகச் சொல்லாது. சேர் கணித ஆசிரியர், பொறுமையாகத் தேடுவார். நான் மேசையில் அடிப்பேன்.

டிரெக்டரிக்குள் எல்லாம் மேலிருந்து கீழாகக் கிளை பிரியும். உச்சியில் நிலையம், அதன் கீழே தோட்டங்கள், தோட்டத்துக்குக் கீழே அதன் பிரிவான டிவிசன், டிவிசனுக்குக் கீழே ஆட்கள். இதை நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இங்கயும் எங்களுக்கு லயந்தானா மிஸ்?"

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகளான லயங்களில் பிறந்து வளர்ந்த வகுப்பு, முழுவதும் சிரித்தது. ஆனால் முதன்முதலாக எந்தக் கணினியிலும் உட்காரலாம் என்று ஆன அன்று யாரும் கேலி செய்யவில்லை. ஒருவர் எழுந்து அடுத்த கணினிக்குப் போய்த் தன் பெயரைக் கொடுத்துப் பார்ப்பார். தன் கோப்பு அங்கேயும் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, அதற்கும் அடுத்ததற்குப் போவார். அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

சிக்கல் பெயர்களில் வந்தது. ஒரே தோட்டத்தில், ஒரே டிவிசனில், ஒரே முதலெழுத்தோடு ஒரே பெயர் பலருக்கு இருக்கும். குலதெய்வத்தின் பெயரை வீட்டுக்கு ஒருவருக்கு வைக்காமல் விடுவார்களா? டிரெக்டரியோ ஒருவரைப்போல இன்னொருவர் இருக்கக் கூடாது என்று நின்றது. சேர் யோசித்து, தேசிய அடையாள அட்டை எண்ணையே ஒவ்வொருவருக்கும் கணக்கின் பெயராகக் கொடுத்துவிடலாம் என்றார். நாட்டில் ஒருவருக்கு உள்ள எண் மற்றவருக்கு இராது. சங்கத்திலும் உடனே சம்மதித்தார்கள். எத்தனை பேர் வந்து படித்தார்கள் என்று நிதி தருபவர்களுக்குக் காட்ட அவர்களுக்கும் அது வசதி.

அந்த எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து வரும். வாக்குரிமை உள்ளவர்களுக்கு வி, இல்லாதவர்களுக்கு எக்ஸ். என் அப்பாவுடையது நெடுங்காலம் எக்ஸ்தான். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுத் தேயிலையை அரைத்து, எக்ஸ். அதனால் அந்த எண்ணின்மேல் எனக்கு மரியாதை ஏதும் இல்லை. இருந்தாலும் சேர் சொன்னதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த அட்டையை நாங்கள் ஐசி என்போம். ஒன்றை மட்டும் கேட்டேன்.

"ஐசி இல்லாதவங்க என்ன செய்யிறதுங்க சேர்?"

"எடுத்துக்கொண்டு வரட்டும். பதினாறு வயசுக்குப் பிறகு ஐசி இல்லாமல் ஒரு மனிசர் என்னெண்டு இருக்கிறது?"

அவர் ஊரில் அது இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. எங்கள் ஊரில் அது இல்லாமலே ஒரு முழு ஆயுளையும் முடித்தவர்கள் இருக்கிறார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதற்குப் பெற்றோரின் கடதாசிகள் வேண்டும், அதற்கும் மேலே துரையின் கையெழுத்து வேண்டும். துரையைப் பார்க்க ஒரு நாள் பெயரை, அதாவது அன்றைய கூலியை, இழக்க வேண்டும், பிறகு வரச் சொன்னால் இன்னொரு நாள். தமிழருக்கு எதிரான கலவரத்தில் லயம் எரிந்து வேறு தோட்டத்துக்கு ஓடி வந்தவர்களிடம் எந்தக் கடதாசியும் இராது. இதையெல்லாம் சேரிடம் சொன்னேன். கேட்டார். நியாயமான மனிதர்தான், ஆனால் சட்டம் மாறவில்லை.

எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அது புதிதாகக் கண்டுபிடித்த வழியும் அல்ல. லயத்தில் வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது. எல்லோருக்குமான கடிதமும் தோட்டத்து ஒப்பீசுக்கு வந்து, யாரோ ஒருவர் கையில் சேர்ந்து, லயம் முழுக்கச் சுற்றும். ஒருவருக்கு ஐசி இருந்தால் அந்த வரிசையில் எல்லோரும் அவர் பெயரில்தான் சிம் அட்டை வாங்குவார்கள். கேட்டால் கொடுக்காமல் இருப்பதுதான் அங்கே வெட்கம். ஆகவே ஐசி உள்ளவர்கள் நிலையத்தில் கணக்கு எடுத்தார்கள், இல்லாதவர்கள் அதில் வந்து உட்கார்ந்தார்கள். பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது அவர்களுக்கு அம்மிக்கல்லைக் கொடுப்பது போலத்தான்.

அப்படி ஒரே கணக்கில் இருந்த இரண்டு பெண்களைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா வீடுகள். பெரியவர் மகளுக்கு அட்டை இருந்தது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்து ஒழுங்காகப் பதிந்தவள். அவளை அக்காக்காரி என்கிறேன். சின்னவர் குடும்பம் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம். அந்த வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் அட்டை இல்லை. அந்த மகளைத் தங்கச்சி என்கிறேன். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான்.

இரண்டு பேரும் மாறி மாறி வருவார்கள். ஒரே கணக்கில் இருவர் என்பது எனக்கு முதல் வாரத்திலேயே தெரியும். கோப்புகளைப் பார்த்தாலே போதும். அக்காக்காரி கோலம் வரைந்து வைத்திருப்பாள், சினிமாப் படங்களைச் சேர்த்திருப்பாள். தங்கச்சி அவற்றுக்குப் பக்கத்திலேயே தட்டச்சுப் பயிற்சியை ஒன்று விடாமல் முடித்து வைத்திருப்பாள். நான் சேரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவரும் என்னிடம் சொல்லவில்லை.

பிறகு யுத்தம் மறுபடி தொடங்கியது. கொழும்பில் ராணுவச் சுற்றிவளைப்புகள் என்று தினமும் கேள்விப்பட்டோம். ஹட்டன் பஸ் நிலையத்திலேயே வரிசையில் நிற்க வைத்து அட்டை பார்த்தார்கள். சேர் கொழும்புக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்; அவருடைய அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அது இருந்தால் ஒரு தொல்லை, எங்கள் பையன்களுக்கு அட்டையே இல்லாதது இன்னொரு தொல்லை. தங்கச்சியின் அண்ணனை வேலை செய்த கடைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அட்டை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறான். யார் கொண்டுபோனது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை, அல்லது சொல்லப் பயந்தார்.

அதற்குப் பிறகு தங்கச்சி நிலையத்துக்கு வந்தது ஒரே காரியத்துக்குத்தான். பத்திரிகைகள், மனித உரிமை அலுவலகங்கள், வெளிநாட்டு அமைப்புகள் என்று எந்த முகவரி கிடைத்தாலும் எழுதினாள். தமிழில் எழுதித் தருவாள், நான் ஆங்கிலத்தில் போட்டுக் கொடுப்பேன். அண்ணன் போட்டிருந்த சட்டை என்ன நிறம், இடது புருவத்தில் தழும்பு எப்படி வந்தது, எல்லாவற்றையும் எழுதுவாள். எனக்கு எழுதி எழுதி அந்தப் பையனை நேரில் பார்த்தது போல ஆகிவிட்டது. எங்களிடம் நிரந்தர இணைப்பு கிடையாது. மாலையில் தொலைபேசி வழியாகக் கொழும்புக்கு இணைத்து, அங்கே சேர்ந்திருக்கும் அஞ்சல்களை எங்கள் சேர்வருக்கு இழுத்துக்கொள்வோம். மோடம் கீச்சிடத் தொடங்கியதும் அவள் கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவாள். பதில் ஒன்றும் வராது.

எங்கள் மின்னஞ்சல் முகவரிகள் டிரெக்டரியில் உள்ள கணக்கின் பெயராலேயே தானாக உருவாகும்படி அமைத்திருந்தோம். கணக்கின் பெயரோ அட்டை எண். அதாவது அவள் அனுப்பிய ஒவ்வொரு கடிதமும் அக்காக்காரியின் தேசிய அடையாள அட்டை எண்ணைத் தலையில் எழுதிக்கொண்டு போனது. அதைத் தினமும் பார்த்தேன். எங்கள் எல்லோருடைய முகவரியும் அப்படித்தான் இருந்தது, என்னுடையதும். அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அட்டை என்பது எங்களுக்குக் கிடைக்காத பொருள். கிடைத்தவர்கள் அதை வெளியே காட்டத்தான் ஆசைப்படுவார்கள்.

கடிதம் கிடைத்த யாரோ ஒருவர் அதை வைத்து ராணுவத்திடமோ பொலிஸிடமோ விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கப்பட்டவர்கள், எழுதியது யார் என்று தேடியிருக்க வேண்டும். தேடுவதற்கு அவர்களுக்கு எங்கள் நிலையமே தேவைப்படவில்லை. எண் கையில் இருந்தது. எண்ணிலிருந்து பெயர், பெயரிலிருந்து தோட்டம்.

ஜீப் வந்தது பெரட்டு நேரத்தில். காலையில் வேலைக்குப் பிரிப்பதற்காக எல்லோரும் கூடி நிற்கும் நேரம் அது. அத்தனை பேருக்கும் முன்னால் அக்காக்காரியின் பெயரைக் கேட்டார்கள். அவள் முன்னால் வந்தாள். இந்தக் கடிதங்களை எழுதியது நீயா என்று கேட்டார்கள். நான்தான், காணாமல் போனது என் சித்தப்பா மகன் என்றிருக்கிறாள். ஏறு என்றார்கள்.

தங்கச்சி இதைச் சொல்ல முதல் பஸ்ஸில் நிலையத்துக்கு ஓடி வந்தாள். சேரும் நானும் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நான் போயி சொல்லிர்றேன் மிஸ். எழுதுனது நான்தானேங்க. அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது."

"அக்கா என்ன சொன்னுச்சு?"

"ஏறும்போது எங்கிட்ட சொன்னுச்சு, நீ வாயத் தொறக்காத, எனக்கு ஐசி இருக்கு, கேட்டுட்டு விட்டுருவாங்க, ஒன்னயக் கொண்டு போனா நீ யாருன்னே சொல்லிக்க ஏலாதுன்னு."

சரியாகத்தான் சொல்லியிருந்தாள். எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கேட்டு அழுகை வந்தது. தங்கச்சியைப் போக விடாமல் ஒரு கணினிக்கு முன்னால் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சிவில் உடையில் இரண்டு பேர் படியேறி வந்தார்கள். சிங்களத்தில் பேசினார்கள், மரியாதையாகத்தான். கடிதத்தின் பிரதி ஒன்றை மேசையில் வைத்து, இந்தக் கணக்கை யார் யார் பாவிக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

சேர் சிங்களத்தில் பதில் சொன்னார். எங்கள் சேர்வரில் ஓர் எண்ணுக்கு ஓர் ஆள்தான், அப்படித்தான் அமைத்திருக்கிறோம், வேண்டுமானால் காட்டுகிறேன் என்றார். டிரெக்டரியைத் திறந்து காட்டினார். அதில் அக்காக்காரியின் பெயர் இருந்தது, குடும்பப் பெயராகத் தோட்டம் இருந்தது, எண் இருந்தது. தங்கச்சி அந்தத் திரையிலிருந்து கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். டிரெக்டரிக்குள் அவள் எங்கேயும் இல்லை.

பிறகு அவர்களில் ஒருவர், அறையில் இருக்கும் எல்லோருடைய அட்டையையும் எடுங்கள் என்றார். தங்கச்சியிடம் காட்ட எதுவும் இல்லை. சேர் முதல் ஆளாகத் தன் பணப்பையைத் திறந்து அட்டையை நீட்டினார். யாழ்ப்பாணம் என்றதும் இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். எப்போது வந்தாய், ஏன் வந்தாய், வீட்டில் யார் யார், தம்பி எங்கே இருக்கிறான் என்று துருவினார்கள். சேர் வழக்கத்தில் ஒரு வரிக் கேள்விக்கு அரை வரியில் பதில் சொல்கிறவர். அன்றைக்கு அவர்கள் கேட்காததையெல்லாம் சொன்னார். படித்த பாடசாலை, கற்பித்த பாடசாலை, ஒன்றுவிட்ட தம்பி கனடாவில் இருப்பது, எல்லாம். கடைசியில் அவர்கள் அவரைக் கீழே ஜீப்புக்குக் கூட்டிப் போய் வைத்துக் கேட்டார்கள். மற்றவர்களின் அட்டையை யாரும் பார்க்கவில்லை. பின்னேரம்தான் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். வந்து ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்டார்.

அக்காக்காரியைச் சில நாட்கள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அடிக்கவில்லை என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுடைய அப்பாவும் அவளும் தங்கச்சியுமாக மூன்று பேரும் நிலையத்துக்கு வந்தார்கள். அப்பா நின்றுகொண்டே பேசினார்.

"எம் மக நம்பர இந்த மிசின்ல இருந்து எடுத்துருங்க தாயி. ஒரு எடத்துலயும் இருக்கக் கூடாது."

கணக்கை எடுத்தால் அதற்கு வரும் கடிதங்களும் போய்விடுமே என்று எனக்குப் பதைத்தது. அந்த எண்ணுக்கு வருபவற்றை வேறு ஒரு பெட்டிக்குத் திருப்பிவிடலாம், ஒரே ஒரு வரி எழுதினால் போதும் என்று சேரிடம் தனியாகச் சொன்னேன்.

"திருப்பிறதெண்டால் அந்த நம்பர் எங்கயாவது எழுதியிருக்க வேணும். அவங்கள் திரும்பி வந்து மெசினைத் தூக்கிக்கொண்டு போனால்? ஏலாது பிள்ளை. துடைச்செடும்."

"அந்தப் புள்ளைக்கு ஒரு பதில் வந்தா என்ன செய்யிறதுங்க சேர்?"

"இவ்வளவு நாளும் வராத பதில், இனியே வரப்போகுது?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அட்டை எண்ணைப் போடலாம் என்று சொன்னது யார் என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் அந்த ஜீப்பில் இருந்த பகல் நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"எடுத்துருங்க மிஸ். அக்காவ இன்னொரு வாட்டி கூட்டிட்டுப் போயிருவாங்க."

அழிப்பதற்கு ஒரு வரிக் கட்டளைதான். நிச்சயமாகவா என்றுகூட அது கேட்காது. கோலங்கள் போயின, தட்டச்சுப் பயிற்சி போனது, புருவத்துத் தழும்பைப் பற்றி எழுதிய கடிதங்கள் எல்லாம் போயின. அக்காக்காரியை அடுத்த வாரமே உடப்புசல்லாவையில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கணக்கை அழித்த அன்றே தங்கச்சிக்கு ஒரு புதுக் கணக்கு திறந்தேன். அவள் பெயரும், எனக்குத் தோன்றிய ஓர் இலக்கமும். டிரெக்டரி ஒரு மறுப்பும் சொல்லாமல் எடுத்துக்கொண்டது. அந்த மென்பொருளுக்கு அட்டை எண் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. ஒருவரைப்போல இன்னொருவர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அது எங்களிடம் கேட்டது. யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம் என்று கொடுத்த பொருளுக்குள், ஆட்களை வெளியே நிறுத்தும் கதவை நாங்களே செய்து மாட்டியிருந்தோம். அதற்குப் பிறகு யாரிடமும் நாங்கள் அட்டை கேட்கவில்லை.

தங்கச்சி மறுபடி எழுத ஆரம்பித்தாள், புது முகவரியிலிருந்து, முதல் கடிதத்திலிருந்து.

சில வாரம் கழித்து, சேர்வரில் அஞ்சல்கள் வந்து போன குறிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் இல்லாத ஆளுக்கு அஞ்சல் வந்தால் சேர்வர் அதைத் தானாகவே அனுப்பியவருக்குத் திருப்பிவிடும். அந்தப் பட்டியலில் அக்காக்காரியின் எண் இருந்தது. கொழும்பில் நாங்கள் எழுதிய அலுவலகங்களில் ஒன்று அவளுக்குப் பதில் போட்டிருந்தது. முந்தைய மாலை மோடத்தில் இழுத்தபோது வந்திருக்கிறது. வந்ததும் என் சேர்வர், அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. கடிதம் எங்கள் பக்கம் இல்லை. தேடாத இடமில்லை.

அந்த அலுவலகத்துக்கு உடனே எழுதினேன், மறுபடி அனுப்புங்கள் என்று. பதில் இல்லை. தொலைபேசி எடுத்தேன். பேசிய பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள். முறைப்பாடு செய்தவர் நேரே பேச வேண்டும், தன் அடையாள அட்டை எண்ணைச் சொல்ல வேண்டும், அப்போது கோப்பைப் பார்த்துச் சொல்வோம் என்றாள்.

அடுத்த நாள் தங்கச்சி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உடப்புசல்லாவைக்கு ஆள் அனுப்பி அக்காவைப் பேசச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"வேணாங்க மிஸ். அக்கா பேரையும் நம்பரையும் இன்னொரு தடவ ஒரு எடத்துலயும் சொல்ல வேணாம்."

"அண்ணனப் பத்துன கடிதம்ப்பா அது."

"தெரியுது மிஸ்."

பிறகு, வந்த கடிதத்தைப் பற்றி வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். அனுப்பியது யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு பெரியது, இவ்வளவைத்தான் சேர்வர் குறித்து வைக்கும் என்றேன்.

"சின்னதாங்க மிஸ், பெருசா?"

"சின்னது. ரெண்டு மூணு வரிதான் இருக்கும்."

அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. பல வாரமாக நான் அதைப் பார்க்கவில்லை.

"அப்ப நல்ல சேதியாத்தான் இருக்கும். இருக்காரு, இன்ன எடத்துல வச்சிருக்காங்கன்னு சொல்ல ரெண்டு வரி போதுமேங்க. கெட்ட சேதின்னா ஏன், எப்படின்னு வெளக்கமா எழுதுவாங்கதானே?"

தோட்டத்துக்கு வந்த எத்தனையோ அலுவலகக் கடிதங்களை நான் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். இரண்டு வரிக் கடிதத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்களிடம் தகவல் எதுவும் இல்லை என்று இருக்கும்.

"ஆமா, வெளக்கமாத்தான் எழுதுவாங்க" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள், அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று. அவளுடைய அண்ணன் கடைசிவரை வரவில்லை.